மலைச்சாலை சென்றடையும் ரயில் நிலையம்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டிலுள்ள ஃபோர்ட் வில்லியமிலிருந்து கிளாஸ்கோ நோக்கித் தெற்கே செல்லும் ஏ82 நெடுஞ்சாலை, ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்குள் கடற்கழி, பள்ளத்தாக்கு, சதுப்புநிலம், ஏரி ஆகியவற்றை அடுத்தடுத்துக் காட்டுவதால், பிரிட்டனின் பேரழகுச் சாலைகளுள் ஒன்றெனக் கூறுவது மிகையன்று.

லின்னி கடற்கழியின் கரையை விட்டு விலகியதும் வரும் கிளென்கோ, பழைய எரிமலைப் பாறைகளைப் பனியாறுகள் குடைந்து உருவாக்கிய பள்ளத்தாக்கு. 1692 பிப்ரவரி 13 அன்று, விருந்தினராகத் தங்கி உண்டுவந்த அரசுப் படையினர், தமக்கு இடமளித்த மெக்டொனால்டு குலத்தாரையே கொன்ற இடமும் இதுவாதலின், இதன் அழகு துயரம் கலந்தே தோன்றும்.

அடுத்து விரியும் ரான்னக் மூர், பீட் எனப்படும் மட்கிய தாவரப் படிவு நிறைந்த சதுப்புமேடு. சாலை அதன் மேற்கு ஓரமாகச் செல்ல, 1894இல் திறக்கப்பட்ட மேற்கு மலைநாட்டு ரயில் பாதையோ சதுப்பின் ஊடே செல்கிறது. உறுதியான தரை கிடைக்காமையால், அதனை அமைத்தோர் சுள்ளிகளையும் மரவேர்களையும் பரப்பி, அவற்றின்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டி, தண்டவாளத்தை ஏறத்தாழ மிதக்கவே விட்டனர். மனித உழைப்பின் இத்தகைய துணிவு போற்றத்தக்கது.

பிரிட்டன் தீவின் மிகப் பரந்த ஏரியான லோமண்டின் மேற்குக் கரையில், பாறைக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கும் சாலை, டம்பார்ட்டனைக் கடந்து கிளாஸ்கோவை அடைகிறது.

ரயில் பாதையில் வரும் வண்டிகளும் இந்நகரின் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலேயே நிற்கின்றன. 1842இல் திறக்கப்பட்ட இந்நிலையத்திலிருந்து வடக்கே புறப்படும் பாதை, உடனே சுரங்கத்தினுள் கடும் ஏற்றமாக உயர்வதால், மேட்டில் நிறுவப்பட்ட நீராவி இயந்திரம் பல்லாண்டுகள் வண்டிகளைக் கயிற்றால் இழுத்து ஏற்றியது.