தங்கத்தின் பூர்வீகம்

கோலாரில் வெட்டி எடுத்ததோ, தென்னாப்பிரிக்காவில் வெட்டி எடுத்ததோ, எந்தத் தங்கமானாலும் அதில் குந்துமணி அளவைக்கூடப் பூமி உண்டாக்கவில்லை. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் பிறப்பதற்கு முன்பே அது விண்வெளியில் தூசியோடு தூசியாகக் கலந்திருந்தது. அந்தத் தூசியும் வாயுவும் திரண்டுதான் சூரியனும் பூமியும் உருவாயின. அந்தத் தூசிக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு நேரடிச் சாட்சி முதன்முதலாகக் கிடைத்த நாள் 2017 ஆகஸ்ட் 17. என்னைக் கேட்டால், இந்த நூற்றாண்டின் வானியலில் அதற்கு இணையான நாள் இன்னொன்று இல்லை.

விண்மீன்களின் மையத்தில் சிறிய அணுக்கருக்கள் பிணைந்து பெரியவையாகின்றன. ஹைட்ரஜன் ஹீலியமாகிறது, ஹீலியம் கார்பனாகிறது, பெரிய விண்மீன்களில் இது இரும்பு வரை போகிறது. இந்தப் பிணைப்பில் வெளிப்படும் ஆற்றலால்தான் விண்மீன் ஒளிர்கிறது. இரும்பை எட்டியதும் கணக்கு தலைகீழாகிவிடும். அதற்கு மேல் பிணைப்பதென்றால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். இரும்பின் கருவில் 26 புரோட்டான்கள், தங்கத்தின் கருவில் 79. இந்த இடைவெளியை இயற்கை எப்படித் தாண்டியது?

நியூட்ரானைக் கொண்டு தாண்டியது. அணுக்கரு புரோட்டானை விலக்கித் தள்ளும். மின்னூட்டமே இல்லாத நியூட்ரானைத் தள்ளாது. ஒரு கருவுக்குள் நியூட்ரான்கள் மளமளவென்று புகுந்தால், அது சிதைந்து நிலைபெறுவதற்குள் மேலும் மேலும் வந்து சேர்ந்துவிடும். பிறகு அவற்றில் பல புரோட்டான்களாக மாற, தங்கமும் பிளாட்டினமும் யுரேனியமும் பிறக்கும். 1957இல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபவுலர், ஃப்ரெட் ஹாயில் நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை விளக்கிவிட்டது. ஆனால், இத்தனை நியூட்ரான்கள் ஓரிரு நொடிக்குள் ஓரிடத்தில் கொட்டிக் கிடக்கும் இடம் எது என்பது அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு விவாதமாகவே இருந்தது.

அதற்குப் பலர் சுட்டிய இடம் நியூட்ரான் விண்மீன். மிகப் பெரிய விண்மீன் வெடித்து அழியும்போது அதன் மையம் நொறுங்கி எஞ்சுவது இது. எடை சூரியனை விட அதிகம். விட்டமோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் பாதையின் நீளம்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஆற்றல் ஈர்ப்பு அலைகளாக வெளியேறும். சுற்றுப்பாதை சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இரண்டும் மோதும். வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் 1974இல் கண்டுபிடித்த இணை இப்படித்தான் சுருங்கிவருகிறது. அது மோத இன்னும் சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகும்.

2017இல் பதிவானது வேறோர் இணையின் மோதல். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் உள்ள லைகோ கருவிகள் ஒவ்வொன்றுக்கும் 4 கிலோமீட்டர் நீளத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கைகள் உண்டு. ஈர்ப்பு அலை கடக்கும்போது அவற்றின் நீளம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மாறும். லேசர் ஒளியால் அதையும் அளந்துவிடுகிறார்கள். அன்று சுமார் 100 நொடிகள் நீடித்தது அலை. அது நின்று 1.7 நொடியில் ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. இத்தாலியில் உள்ள விர்கோ கருவியிலோ அலை மிக மங்கலாகவே பட்டது. ஆகவே மோதல் நடந்த திசை விர்கோவால் சரியாகப் பார்க்க முடியாத திசையாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தேட வேண்டிய வானப் பரப்பைச் சுருக்கினார்கள். சுமார் 11 மணி நேரத்தில் சிலியில் உள்ள லாஸ் கம்பானாஸில், ஒரு மீட்டர் ஆடி கொண்ட ஸ்வோப் தொலைநோக்கி இடத்தைக் காட்டிவிட்டது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில், என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில், முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி! உலகெங்கும் சுமார் 70 ஆய்வுக்கூடங்கள் அதை நோக்கித் திரும்பின. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் அவற்றில் ஒன்று.

முதலில் நீலமாகத் தெரிந்த அந்த ஒளி சில நாள்களிலேயே சிவந்து, அகச்சிவப்புக்குப் போய்விட்டது. கனமான தனிமங்கள் நீல ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அங்கே அவை புதிதாகப் பிறந்திருப்பது உறுதியானது. அதே ஒளிப் பதிவுகளில் ஸ்ட்ரான்சியத்தின் தடயம் இருப்பது 2019இல் அடையாளம் காணப்பட்டது. தங்கத்தின் தடயம் தனியாகப் பிரிந்து தெரியவில்லை. ஆனால் வெளியேறிய பொருளின் அளவை வைத்துப் பார்த்தால், பூமியைப் போலப் பல மடங்கு எடையுள்ள தங்கம் அந்த ஒரே மோதலில் உண்டாகியிருக்கும் என்பது மதிப்பீடு. மனிதரும் தங்கம் செய்திருக்கிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 2015 முதல் 2018 வரை ஈயக் கருக்களை ஒன்றையொன்று உரசிச் செல்லும்படி விட்டதில் 8,600 கோடி தங்கக் கருக்கள் பிறந்தன. அத்தனையும் சேர்ந்து 29 பைக்கோகிராம். அவையும் கணப்பொழுதில் சிதறிப்போயின.

விண்வெளியின் எல்லாத் தங்கமும் நியூட்ரான் விண்மீன்களின் மோதலில்தான் வந்ததா என்றால், இல்லை. 2004 டிசம்பரில் கடும் காந்தப்புலம் கொண்ட ஒரு நியூட்ரான் விண்மீன், அதாவது மேக்னடார், பெரும் சீற்றத்தோடு ஆற்றலைக் கக்கியது. அப்போது பதிவான காமா கதிர்த் தகவல்களில் ஒரு பகுதிக்கு யாராலும் விளக்கம் சொல்ல முடியவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் அனிருத் படேலும் உடன் உழைத்தவர்களும் 2025இல் விளக்கினார்கள்: கனமான தனிமங்கள் புதிதாகப் பிறந்ததன் அடையாளம் அது. நம் விண்மீன் மண்டலத்தில் இரும்பை விடக் கனமான தனிமங்களில் 1 முதல் 10 சதவீதம் வரை இப்படி வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இருபது ஆண்டு பழைய தகவலைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு இது என்பதே எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

எந்த வழியில் எவ்வளவு என்று தீர்ப்பதற்கு 2017ஐப் போல இன்னும் பல மோதல்களைப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் இன்னொரு நியூட்ரான் இணையின் அலை வந்தது. அந்த நேரம் ஹான்ஃபோர்டு கருவி இயங்கவில்லை. தேட வேண்டிய பரப்பு வானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக விரிந்துவிட்டது. ஒளி அகப்படவே இல்லை. பூமியில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் கருவிகள் இருந்தால்தான் அலை ஒவ்வொன்றையும் அடையும் நேர வித்தியாசத்தை வைத்துத் திசையைத் துல்லியமாகச் சொல்ல முடியும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஔண்டா நாக்நாத் அருகே அமையவிருக்கும் லைகோ-இந்தியாவின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. சுமார் 2,600 கோடி ரூபாய் மதிப்பிலான அந்தத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

இயற்பியல் மட்டும் படித்தவர்களால் அதைக் கட்டிவிட முடியாது. 4 கிலோமீட்டர் குழாய்களில் காற்றே இல்லாமல் காக்கத் தெரிந்தவர்கள், லேசரைக் கையாளத் தெரிந்தவர்கள், நில அதிர்வு கருவியின் கண்ணாடிகளை எட்டாமல் தடுக்கத் தெரிந்தவர்கள், தகவலைச் சலித்தெடுக்க நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேண்டும். உங்கள் வீட்டில் இயற்பியலோ பொறியியலோ படிக்கும் பிள்ளை இருந்தால், இப்படியொரு வேலை நம் நாட்டிலேயே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.