வெடிக்கும் முன்பே கை ஏன் குனிகிறது?

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி பழக வருபவர்களில் பலர் முதல் நாளே காணும் விந்தை இது: குறி வைத்தது இலக்குத் தாளிலுள்ள வட்டத்தின் நடுவில், ஓட்டை விழுந்ததோ நாலு விரற்கடை கீழே. கோளாறு துப்பாக்கியிலா?

பெரும்பாலும் இல்லை, மூளையில். 9 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு சுமார் 8 கிராம். வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 10 சென்டிமீட்டர் குழலைக் கடக்க அதற்கு ஒரு மில்லிவினாடிகூட ஆவதில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தரும் உதையை உணர்ந்து கை பதில் சொல்வதற்குள் குண்டு தாளைத் துளைத்திருக்கும். ஆகவே குறியைக் கெடுப்பது உதையல்ல. உதைக்கப்போகிறதே என்ற பயம்.

ஊசி குத்தும் முன்பே தோள் இறுகுமே, அதே கதைதான். விசையை இழுக்கும் கணத்தில் மணிக்கட்டு முந்திக்கொண்டு கீழே அழுத்துகிறது. துப்பாக்கி முனை 1 டிகிரி சாய்ந்தால் போதும். 7 மீட்டரில் 12 சென்டிமீட்டர் தவறும்.

எப்படிச் சரிசெய்வது?

பயிற்சியாளர் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சொல்லாமல் செருகிவைப்பார். விசையை இழுத்தால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும். உதையே இல்லை, ஆனாலும் முனை ‘விசுக்’கென்று குனியும். சுடுபவர் தன் குறையைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அதன்பின் விசையை மெல்ல, ஒரே சீராக அழுத்திப் பழகுவார்.

காதடைப்பானும் இதற்குத் துணை. 150 டெசிபலைத் தாண்டும் வெடியோசையிலிருந்து செவியைக் காப்பதோடு, மிரட்சியையும் குறைக்கிறது.