ஆறடி தள்ளி நில்லுங்க... அந்த ஆறடியை அளந்தது யார்?

மளிகைக் கடை வாசலில் வெள்ளை பெயின்ட்டில் போட்ட வட்டங்கள் ஞாபகம் இருக்கா? 2020 ஏப்ரலில் ரேஷன் கடை, மெடிக்கல் ஷாப், பேங்க் வாசல்னு திரும்பின பக்கமெல்லாம் வட்டம். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று யாராவது யாரையாவது அதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எவ்வளவு தள்ளி? இங்கேதான் குழப்பம். உலக சுகாதார அமைப்பு குறைந்தது 1 மீட்டர் என்றது. ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒன்றரை மீட்டர். பிரிட்டனில் 2 மீட்டர். அமெரிக்காவில் 6 அடி. இந்தியாவில் பிரதமர் மோடி சொன்ன 'தோ கஜ் தூரி'யும் அதே 6 அடிதான். வைரஸ் ஒன்றுதான், எல்லை தாண்டினால் அளவு மட்டும் மாறியது.

இந்தக் கணக்கு கொரோனாவுக்காகப் போட்டதே இல்லை. இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து தெறிக்கும் நீர்த்துளிகளில் கிருமி இருக்கும் என்று 1890-களில் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஃப்ளூகே. 1934-ல் அமெரிக்காவின் வில்லியம் வெல்ஸ் அடுத்த படிக்குப் போனார். பெரிய துளி சீக்கிரம் தரையில் விழும். சின்னத் துளி விழுவதற்குள் காய்ந்து, காற்றிலேயே மிதக்கும் என்றார். பின்னால் வந்த விதிமுறைகள் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாதியைக் காசநோய் மாதிரி சில நோய்களோடு நிறுத்திக்கொண்டன.

அதற்கான விலை 2020-ல் தெரிந்தது. அந்த மார்ச் 10-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்குத் தொற்று உறுதியானது அல்லது இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. 2 பேர் இறந்தார்கள். மூடிய அறையில் மணிக்கணக்கில் இருந்தால் ஆறடி என்ன, பதினாறு அடி தள்ளி நின்றாலும் காற்று வந்து சேரும். ஆனால், அதே மாதக் கடைசியில் உலக சுகாதார அமைப்பு, 'இது காற்றில் பரவும் நோய் அல்ல' என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சரி, ஜன்னலைத் திறப்பதை விட்டுவிட்டு அரசுகள் ஏன் வட்டத்தையே பிடித்துக்கொண்டன? வட்டம் போட ஒரு டப்பா பெயின்ட் போதும். மீறினால் கண்ணுக்குத் தெரியும், அபராதம் போடலாம். அறையின் காற்றோட்டத்தை எந்த போலீஸ்காரர் அளப்பார்?

அதற்காக இடைவெளியே வீண் என்று சொல்லிவிட முடியாது. 2020 ஜூனில் 'லான்செட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய சார்ஸ், மெர்ஸ் ஆய்வுகளையும் சேர்த்து 172 ஆய்வுகளை அலசியது. 1 மீட்டர் தள்ளி நின்றாலே தொற்று அபாயம் நன்றாகக் குறைகிறது, தூரம் கூடக்கூட இன்னும் குறையலாம் என்றது. ஆனால் 'இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் பத்திரம்' என்று சொல்லும் அளவுகோல் அதில் கிடையாது. கோட்டை எங்கே போடுவது என்பதை யாராவது முடிவு பண்ணித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டனில் அது வெளிப்படையாகவே நடந்தது. 1 மீட்டரில் அபாயம் 2 மீட்டரைவிட 2 முதல் 10 மடங்கு வரை இருக்கலாம் என்று அரசின் அறிவியல் ஆலோசனைக் குழு சொல்லியிருந்தது. 2 மீட்டர் விட்டால் கடையைத் திறந்தும் பிரயோஜனமில்லை என்று பப், ரெஸ்டாரன்ட் முதலாளிகள் மல்லுக்கட்டினார்கள். ஆளுங்கட்சி எம்.பி.க்களும் நெருக்கினார்கள். ஜூன் 23-ல் போரிஸ் ஜான்சன் அறிவித்தார்: ஜூலை 4 முதல் 2 மீட்டர் முடியாத இடத்தில், மாஸ்க் போன்ற கூடுதல் பாதுகாப்போடு 1 மீட்டர் போதும்.

இது தப்பா? பிழைப்புக்காக எவ்வளவு அபாயத்தை ஏற்பது என்பது ஆய்வகத்தில் தீரும் கேள்வி இல்லை; ஓட்டு வாங்கியவர்கள் பதில் சொல்ல வேண்டியது. உறுத்துவது வேறு. 'அறிவியல் சொல்வதைத்தான் செய்கிறோம்' என்று அதுவரை தினமும் சொல்லிவந்ததும் இதே அரசுதான். அரசியல் முடிவுக்கு வெள்ளைக் கோட் மாட்டிவிட்டால், நாளைக்கு அது சொதப்பும்போது திட்டு வாங்குவது விஞ்ஞானி.

நம்ம ஊர் விமானக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2020 மே மாதம் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவந்த விமானங்களில் நடு சீட்டையும் நிரப்பினார்கள். வெளியே ஆறடி, உள்ளே தோளோடு தோளா என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. ஆனாலும் புக் பண்ணியவர்களை நடுவழியில் விட முடியாது என்பதால், ஜூன் 6 வரை அனுமதித்தது. நடு சீட்டை முடிந்தவரை காலியாக விடுங்கள், முடியாவிட்டால் அதில் உட்காருபவருக்கு மேலங்கி கொடுங்கள் என்றது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஆறடிக்குப் பதில் ஓர் அங்கி!

அமெரிக்கப் பள்ளிகளில் வேறு சிக்கல். ஆறடி விட்டால் வகுப்பில் பாதிப் பேருக்கு இடமில்லை. 2021 மார்ச்சில் மாஸ்க் போட்ட மாணவர்களுக்கு மட்டும் 3 அடி போதும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இறங்கிவந்தது. மாசசூசெட்ஸ் பள்ளிகளில் 3 அடிக்கும் 6 அடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற ஆய்வு அப்போது கைகொடுத்தது. ஆனால் ஒரு வருஷமாகக் குழந்தைகளை வீட்டில் வைத்திருந்த பெற்றோரின் கோபமும் அந்த நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குழு ஒன்று, அமெரிக்காவின் கொரோனா முகமாகவே இருந்த டாக்டர் ஆன்டனி ஃபௌச்சியிடம் இந்த ஆறடி பற்றிக் கேட்டது. அது எப்படியோ தானாக வந்து நின்றுவிட்டது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார். ஜூனில் பகிரங்க விசாரணைக்கு வந்தபோது விளக்கமும் கொடுத்தார்: அது சி.டி.சி. போட்ட விதி, பின்னால் பரிசோதனை ஆய்வு எதுவும் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.