வண்டிய ஓரங்கட்டு: சாலைவிதியும் விளியும்

போக்குவரத்து விதிகளைப் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சு இரண்டே வகைதான். ஜனங்களுக்கு ஒழுக்கம் பத்தாது என்பது ஒன்று. போலீஸ்காரன் காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறான் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விதி என்பது எல்லாருக்கும் பொதுவாக, சுத்தமாக, எங்கோ ஏற்கனவே இருப்பதாகவும், நடுவில் மனிதர்கள் புகுந்து அதை அழுக்காக்கிவிடுவதாகவும் இரண்டு பேச்சும் நம்புகின்றன. விதி ஒருவர்மீது எந்தக் கணத்தில், யார் குரலில், எந்தச் சொல்லில் வந்து இறங்குகிறது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை. சாலையில் சட்டம் முதலில் எழுத்தாக வருவதில்லை; கூப்பாடாகத்தான் வருகிறது.

1970-ல் வெளியான கருத்தியல் பற்றிய கட்டுரையில், தன்னிலை உருவாவதை விளக்க அல்தூசர் எடுத்துக்கொண்ட உதாரணமும் தெருவில் நடப்பதுதான். பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் கூப்பிடுகிறார். நடந்துகொண்டிருப்பவர் தன்னைத்தான் என்று உணர்ந்து திரும்புகிறார். அந்தத் திரும்பலிலேயே அவர் சட்டத்தின் தன்னிலை ஆகிவிடுகிறார். இந்த உதாரணத்தை நாம் தமிழில் எடுத்தாளும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அல்தூசரின் போலீஸ்காரர் பிரெஞ்சில் மரியாதைப் பன்மையில் கூப்பிடுகிறார். கூப்பிடப்படுவது யாராக இருந்தாலும் சரி, அந்த உதாரணத்தில் விளி ஒன்றுதான். நம்மூர்ப் போலீஸ்காரருக்கு அப்படியொரு பொது விளி கிடையாது. தமிழில் முன்னிலை என்பதே படிக்கட்டாக இருக்கிறது. எந்தப் படி என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க முடியாது.

சென்னையில் ஏதாவதொரு பாலத்தின் இறக்கத்தில், தடுப்பு போட்டு வண்டி பிடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கார்க்காரரிடம் "சார், கொஞ்சம் ஓரமா வாங்க." ஸ்கூட்டியில் போகிற பெண்ணிடம் "ஏம்மா, ஹெல்மெட் எங்க?" கல்லூரிப் பையனிடம் "தம்பி, சாவியக் குடு." ஆட்டோக்காரரிடம் "யோவ்." சாப்பாட்டுப் பை மாட்டிக்கொண்டு போகிற டெலிவரிப் பையனிடமோ மீன் ஏற்றிவரும் வண்டிக்காரனிடமோ "ஏய், நில்றா." இதில் கவனிக்க வேண்டியது, குற்றம் என்னவென்று தெரிவதற்கு முன்பே ஆள் வகைப்படுத்தப்பட்டுவிடுகிறான் என்பது. வண்டியின் விலை, சட்டையின் நிறம், தோலின் நிறம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஒரு தனி இயலே வைத்தார். தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது ஒலி தன் அளவைக் கடந்து நீளும் என்கிறார். நம்முடைய "ஏஏஏய்" நீள்வது தொலைவால் மட்டுமல்ல.

சட்டத்தின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்கலாம். ரோட்டில் நாம் கட்டுவதை அபராதம் என்கிறோம். கறாராகச் சொன்னால் அது அபராதம் அல்ல. அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆவது பிரிவு, சில குற்றங்களை வழக்குக்குப் போகாமல் ஒரு தொகையைக் கட்டி அங்கேயே தீர்த்துக்கொள்ள வழி செய்கிறது. எந்த அதிகாரி, எவ்வளவு தொகை என்பதை மாநில அரசு அறிவிக்கும். ஆக, சட்டமே ரோட்டில் ஓர் இணக்கத்தை அனுமதித்துவிட்டது. பேரம் என்பது இந்த அதிகாரபூர்வ இணக்கத்துக்குப் பக்கத்தில் முளைத்த இன்னோர் இணக்கம். முதலில் கைகாட்டி நிறுத்துகிற காவலருக்குத் தொகை வசூலிக்கிற அதிகாரம் கிடையாது; அது பக்கத்தில் நிற்கும் எஸ்.ஐ.யிடம் இருக்கிறது. "ஐயாவ போய்ப் பாரு" என்ற வாக்கியம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அந்த நாலடி தூரத்தை நடப்பதற்குள் நடக்கிற நாடகம் சட்டப் புத்தகத்தில் இல்லை.

2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் தொகைகளை உயர்த்தியது. ஹெல்மெட் இல்லாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500-லிருந்து 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில்தான் அமலாயின. தண்டனை கடுமையானால் பயம் வரும் என்பது மேலே இருப்பவர்களின் கணக்கு. கீழே நடப்பது வேறு: தொகை கூடக்கூட அதற்கும் பையில் இருக்கும் காசுக்கும் நடுவே உள்ள வெளி அகலமாகிறது. அன்றைக்கு 700 ரூபாய் சம்பாதித்தவனுக்கு 1,000 என்பது ஒரு விதியே அல்ல. அதே திருத்தம் 210-பி என்றொரு பிரிவையும் சேர்த்தது. விதியை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே விதியை மீறினால் தண்டத் தொகை இரண்டு மடங்கு. நல்ல பிரிவுதான். அவர்களிடம் "வண்டிய ஓரங்கட்டு" என்று சொல்லப்போவது யார் என்று அதில் எழுதவில்லை.

அமலாக்கம் எதைப் பிடிக்கிறது என்பதும் யோசிக்கத்தக்கது. தூரத்திலிருந்தே கண்ணில் படுவதைப் பிடிக்கிறது. தலையில் ஹெல்மெட், நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட், பின்னால் மூன்றாவது ஆள். அதாவது உடம்பு.

இதெல்லாம் வெறும் மொழிப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் 2018-ஐ நினைவுகூர வேண்டும். அந்த ஜனவரியில், தரமணிப் பக்கம் சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட ஓர் இளம் கால் டாக்ஸி ஓட்டுநர், போலீசார் தன்னை ஆபாசமாகத் திட்டியதாகச் சொல்லி நடுரோட்டில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். பிறகு மருத்துவமனையில் இறந்தார். மார்ச்சில், திருச்சியை அடுத்த திருவெறும்பூர்ப் பகுதியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை விரட்டிச் சென்ற இன்ஸ்பெக்டர் பைக்கை எட்டி உதைத்ததாகக் கைது செய்யப்பட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி விழுந்து இறந்துபோனார். முதல் சம்பவத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓட்டுநர் நின்றார். இரண்டாவதில் நிற்கவில்லை. அல்தூசரின் அந்தத் தெரு உதாரணத்தில் ஒருவர் திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இடமில்லை. நம் நெடுஞ்சாலையில் இருக்கிறது.

விளியின் படிக்கட்டு தெரிந்தவர்கள் முன்னேற்பாடாகவே இருக்கிறார்கள். வண்டியின் முகப்பில் பத்திரிகை, வக்கீல், டாக்டர், போலீஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது, என்னை இந்தப் படியில் வைத்துக் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான். இதில் கட்சிக்கொடிக்கும் சாதிப் பெயருக்கும் பங்குண்டு. 2024 மே மாதம் முதல் சென்னைப் போலீஸ் தனியார் வண்டிகளில் இத்தகைய ஸ்டிக்கர்களுக்குத் தடை போட்டது. தன்னைத்தானே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை யாரிடம் என்பதில் ஒரு சின்னச் சண்டை என்று அதை வாசிக்கலாம்.

இப்போது கேமரா. 2019-ல் அண்ணா நகர்ச் சந்திப்புகளில் நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமராக்கள் வந்தன. 2021-ல் மத்திய விதிகளில் 167-ஏ சேர்க்கப்பட்டு, மின்னணுக் கண்காணிப்புக்கும் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவதற்கும் வழி வகுத்தது. கேமராவைப் பார்த்ததும் ஃபூக்கோவை இழுத்து அனைத்தும் பார்க்கும் கண் என்று எழுதிவிடுவது நம்மவர்களுக்குச் சுலபம். "நில்றா" என்ற சொல்லின் கீழ் தினமும் நிற்பவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். கேமரா "டா" போடுவதில்லை. சாவியைப் பிடுங்குவதில்லை. கார்க்காரருக்கும் இவருக்கும் ஒரே மாதிரி எஸ்.எம்.எஸ். இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் கேமரா விளிப்பது ஆளை அல்ல, எண்ணை. ஓட்டியவரை விட்டு உரிமையாளரைத் தேடிப் போகிறது. உரிமையாளர் அதை டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போனேன் சார் என்று அதனிடம் சொல்ல முடியாது. மத்திய விதிகளின்படி பதிவெண்ணின் எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் எழுதிக்கொண்டு போகும் நம் அன்பர்கள் கேமரா வருமுன்பே குற்றவாளிகள். கண்காணிக்கப்படுபவன் தானே அடங்கிப் போவான் என்ற எதிர்பார்ப்பும் இங்கே பலிக்கவில்லை. பிளேட்டை மடக்குகிறார்கள், சேறு பூசுகிறார்கள், நோட்டீஸ் வந்தால் கட்டாமல் விடுகிறார்கள். நிலுவை சேர்ந்ததும் குரல் மறுபடி வந்துவிட்டது: 2022-ல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், கட்டாதவர்களுக்குப் போன் செய்து நினைவூட்டவென்றே அழைப்பு மையங்களைத் தொடங்கியது.

இத்தனை விளிகளுக்கு நடுவே ஒருவரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அவன், இவன் போன்ற சுட்டுப்பெயர்கள் விளி கொள்ளா என்று அதே விளிமரபில் ஒரு விதி உண்டு. சாலையில் அப்படி இருப்பவர் நடந்து போகிறவர். 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், வரிக்குதிரைக் கோட்டில் அவருக்கு வழிவிட வேண்டும் என்கின்றன. வழிவிடாததற்காக ஒரு வண்டி ஓரங்கட்டப்படுவதைப் பார்ப்பது அபூர்வம். ஹெல்மெட்டைப் போல இது தூரத்திலிருந்து தெரிகிற குற்றம் இல்லை. அண்ணா சாலையில் கையில் கூடையோடு நிற்கும் ஒரு கிழவி, வண்டிகளைப் பார்த்துத் தானே கையைக் காட்டிக்கொண்டு இறங்குகிறாள். சிலர் நிறுத்துகிறார்கள்.