பிள்ளையைப் பார்க்கலாம், ஆனால் எங்கே?

செஞ்சி என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரதுர்க்கம் என்ற மூன்று மலைகளையும் வளைத்துக்கொண்டு நிற்கும் மதில், 1714-ல் போர்க்களத்தில் மாண்ட ராஜா தேசிங்கின் கதை, 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கிடைத்த இடம் என்று பேச எவ்வளவோ உண்டு. அதே ஊரில் ஒரு கோர்ட்டும் இருக்கிறது; அனைத்து மகளிர் போலீஸ் நிலையமும் இருக்கிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போகிறவர்களுக்கோ கோட்டையைப் பார்க்க மனம் இராது.

செஞ்சியை அடுத்த ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். புருஷன் அடிக்கிறான். இன்று நேற்று அல்ல, வருஷக் கணக்காக. ஒரு நாள் அந்தப் பெண் நாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கோர்ட்டில் மனுச் செய்கிறாள். "புருஷன் இவளை நெருங்கக் கூடாது" என்று உத்தரவும் கிடைக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடும்போது, "என் பிள்ளையை நான் பார்க்க வேண்டாமா?" என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்விதான். "ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கலாம்" என்று கோர்ட்டு சொல்கிறது.

சரி, பையனை யார் கொண்டுபோய் விடுவது? எங்கே விடுவது? அவளே கொண்டுபோனால் "நெருங்கக் கூடாது" என்ற உத்தரவு என்ன ஆவது? ஒரு காகிதம் விலகி நில் என்கிறது. இன்னொரு காகிதம் வாரம் ஒரு முறை வந்து போ என்கிறது!

இது எங்கோ ஒரு வீட்டு விவகாரம் அல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ந் தேதி அமுலுக்கு வந்தது. நெருங்காதே, பேசாதே, போனில் கூப்பிடாதே என்று தடை போடுவது அதன் 18-வது பிரிவு. இந்தத் தடையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. பிள்ளையைப் பற்றிப் பேசுவது 21-வது பிரிவு. வழக்கு நடக்கும்போதே மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தேவையானால் தகப்பன் வந்து பார்க்க ஏற்பாடும் சொல்லலாம். ஆனால் அவன் வருவது பிள்ளைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் பட்டால், அனுமதி மறுத்தே ஆக வேண்டும். "மறுக்கலாம்" என்று அல்ல, மறுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது.

ஆக, பார்க்கலாம் என்பது ஒரு வழி. பார்க்கக் கூடாது என்பது மற்றொரு வழி. நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வேறொருவர் கண் முன்னால் மட்டும் பார்க்கலாம் என்பதே அது. சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த வேறொருவர் யார், அவர் எங்கே உட்கார்ந்திருப்பார், அவருக்கு யார் சம்பளம் தருவது என்று சட்டம் சொல்லவும் இல்லை. எல்லாம் நீதிபதியின் பேனா முனையில் இருக்கிறது.

இதற்கிடையே தகப்பன் சும்மா இருப்பதில்லை. 1890-ம் ஆண்டு கார்டியன் சட்டப்படி விழுப்புரத்தில் தனி மனுப் போடுகிறான். அந்தக் கோர்ட்டுக்கு இந்தக் கோர்ட்டின் உத்தரவு தெரியுமா? யாராவது எடுத்துக் காட்டினால்தான் தெரியும்.

ஸ்பெயினில் நடந்த கொடுமை

மூன்றாவது ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் ஸ்பெயின் நாட்டு ஆஞ்செலா கொன்சாலஸ் கரேனோவின் வழக்கைக் கேட்க வேண்டும். 1999-ல் கணவனை விட்டுப் பிரிந்த அவர், அவன் மிரட்டுகிறான் என்று முப்பதுக்கு மேற்பட்ட புகார்கள் கொடுத்தார். முதலில் அதிகாரிகள் முன்னிலையில்தான் அவன் மகளைப் பார்க்கலாம் என்றது கோர்ட்டு. பிறகு, போகப் போகச் சரியாகிவிட்டது என்று நினைத்து, தனியாகவே பார்க்க அனுமதித்தது. 2003 ஏப்ரல் 24-ந் தேதி அந்தச் சந்திப்பில் அவன் ஏழு வயது மகளைச் சுட்டுக் கொன்றான், தன்னையும் சுட்டுக்கொண்டான். 2014-ல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு, ஸ்பெயின் அரசு கடமை தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. 2018-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தாய்க்கு 6 லட்சம் யூரோ நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. பணம் வந்தது, மகள் வருவாளா?

எல்லாத் தகப்பனும் இப்படி அல்ல. பொய்ப் புகாரில் மாட்டிக்கொண்டு, பிள்ளை முகம் காணாமல் தவிக்கிறவனும் உண்டு. அவனுக்கும் அந்த மூன்றாவது ஆள் நல்லதே. "வந்தார், பையனோடு விளையாடினார், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை" என்று அவர் எழுதி வைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி ஏது? இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை ஒப்பந்தமும், பிரிந்த பெற்றோரைப் பார்ப்பது பிள்ளையின் உரிமை என்றுதான் சொல்கிறது. பிள்ளைக்குக் கெடுதல் என்றால் மட்டும் விலக்கு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்ற கருத்தை 1973-லேயே உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது. அது சென்னையிலிருந்து போன வழக்கு.

இரண்டு வாசல்

மேல்நாடுகளில் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. தாய்க்கு ஒரு வாசல், தகப்பனுக்கு இன்னொரு வாசல். தகப்பன் கால் மணி நேரம் முன்னதாக வந்து உள்ளே உட்கார்ந்துவிட வேண்டும். பிறகுதான் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து ஊழியரிடம் விடுவாள். போகும்போது தாயும் பிள்ளையும் முதலில் போய்விடுவார்கள்; கால் மணி கழித்தே தகப்பன் எழுந்திருக்கலாம். காதோடு ரகசியம் பேசக் கூடாது. "அம்மா இப்போது எங்கே இருக்கிறாள்? யார் வீட்டுக்கு வருகிறார்கள்?" என்று பிள்ளையிடம் துருவக் கூடாது. ஊழியர் பேச்சுக் காதில் விழும் தூரத்தில் இருப்பார்.

ஆபத்து பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில் இல்லை. பிள்ளையைக் கைமாற்றும் ஐந்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இத்தனை கெடுபிடி.

சென்னைக் குடும்ப நலக் கோர்ட்டில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு ஓர் இடமாவது உண்டு. சின்ன ஊரில் என்ன செய்வது? பஸ் நிலையத்தில் சந்திக்கட்டும், கோயிலில் சந்திக்கட்டும் என்று எழுதுவது சுலபம். ஆனால் மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்தில் ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டால் யார் தேடுவது? பெரியவர்கள் முன்னிலையில் என்றால், அந்தப் பெரியவர் பெரும்பாலும் புருஷனுக்கு மாமனோ சித்தப்பனோ. அவர் நடுவர் அல்ல, கட்சிக்காரர்.

செஞ்சி போன்ற ஊருக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கோர்ட்டு வளாகத்தில் இரண்டு வழியுள்ள ஓர் அறை, ஒரு பாய், நாலு பொம்மை, பழகிய ஊழியர் ஒருவர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சட்டத்தின் 15-வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் குடும்ப நலப் பணியில் இருப்பவர்களை உதவிக்கு அழைக்கலாம். பெண்ணாக இருப்பது நலம் என்றும் அதிலேயே இருக்கிறது.

அது வரும் வரை மனுவிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை. பிள்ளையைக் கொண்டுவருவது யார், வாங்கிக்கொள்வது யார். குடித்துவிட்டு வந்தால் அன்றைய சந்திப்பு ரத்து. தாயும் தகப்பனும் எதிர்ப்படக் கூடாது. இவ்வளவும் உத்தரவில் வரிவரியாக இருக்க வேண்டும். வேறு கோர்ட்டில் வழக்கு இருந்தால் இந்த உத்தரவின் நகலை அங்கேயும் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. அவசரத்துக்குப் பெண்கள் 181 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.