பிள்ளைக்கு நாதஸ்வரம் வாங்குமுன்



தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்து, பந்தலைப் பிரித்து, கட்டிய வாழைமரங்கள் வாடிக் கிடக்கும் வாரத்தில்தான் சில வீடுகளில் இந்தப் பேச்சு எழும். திருவிழா முழுவதும் மேளக்காரர் பக்கத்திலேயே நின்று அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த பையன், "அப்பா, எனக்கு ஒரு நாதஸ்வரம் வாங்கிக் கொடுங்க" என்பான். அப்பாவுக்கு மனத்தில் மகிழ்ச்சி; கையில் கணக்கு. எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று கேட்க லயத்தில் ஆள் இருக்காது. சிரம்பானுக்குப் போய்க் கேட்டால் கடைக்காரர் தம்மிடம் இருப்பதைத்தான் காட்டுவார். ஆகவே இன்று அதைப்பற்றியே பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். பகாவ் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார், தீபாவளிக்கென்று சேர்த்த பணத்தில் மகனுக்கு ஒரு நாதஸ்வரம் வாங்கிவந்தார். பளபளவென்று பித்தளைப் பூண், சிவப்புப் பட்டுக் குஞ்சம், வெல்வெட் உறை. பையன் எட்டு மாதம் ஊதினான். ஓசை வந்தது, ஸ்வரம் வரவில்லை. மூச்சுப் போதவில்லை என்றார் ஒருவர். காது இல்லை என்றார் இன்னொருவர். பையனும் அப்படியே நம்பிவிட்டான். ஒருநாள் அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு வாசிக்க வந்த வித்துவான் ஒருவர் அந்தக் குழலைக் கையில் வாங்கி, தம்முடைய சீவாளியைப் பொருத்தி ஊதிப் பார்த்தார். அவருக்கும் சேரவில்லை. சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்த பொருள் அது. துளைகள் சுருதி பார்த்து இட்டவை அல்ல. குற்றம் பிள்ளையிடம் இல்லை, குழலில்தான் என்று தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியத்தில் டிராம்போன் ஊதும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அது ஆலையில் அச்செடுத்தாற்போல் வரும் பித்தளைக் கருவி. ஒரே மாதிரியில் பத்து வாங்கினால் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். குழாயை இழுத்தும் தள்ளியும் சுருதியைச் சரிசெய்துகொள்ளவும் வழி உண்டு. நாதஸ்வரம் அப்படியன்று. அது மரம், கைவேலை. ஒரே ஆசாரி ஒரே வாரத்தில் கடைந்த இரண்டு குழல்கள்கூட இரண்டு குணத்தில் இருக்கும். ஊதிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அதுவும் ஊதத் தெரிந்தவர் ஊதிப் பார்க்கவேண்டும். யாரிடம் பாடம் என்று முடிவாகுமுன் கருவி வாங்குவது, பெண் பார்க்குமுன் பந்தல் போடுவது போலத்தான்.

ஆசிரியர் முதலில் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் சுருதி. நாதஸ்வரத்துக்குக் 'கட்டை' என்றொரு கணக்கு இருக்கிறது. ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சொல்லும் கணக்கு அது. இரண்டரைக் கட்டை என்றால் இரண்டாவது வெள்ளைக் கட்டைக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டை. குழல் நீளமாக இருந்தால் சுருதி இறங்கும், குட்டையானால் ஏறும். குட்டையான, கூர்மையாக ஒலிக்கும் குழலைத் திமிரி என்றும், நீளமான, கனத்த நாதமுடையதைப் பாரி என்றும் சொல்வார்கள். இன்று கச்சேரிகளிலும் கோயில்களிலும் பெரும்பாலும் நீங்கள் கேட்பது பாரி. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். திமிரி நான்கு, ஐந்து கட்டைக்குப் போகும். ஆசிரியரிடம் இருப்பது இரண்டு கட்டைக் குழல், மாணவன் வாங்கியது மூன்று கட்டை என்றால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. கூடவே வாசித்துப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வித்தையில் பாதிப் பாடம். அந்தப் பாதி போய்விடும்.

கையின் அளவையும் பார்க்கவேண்டும். மேல்கையின் மூன்று விரல்களும் கீழ்க்கையின் நான்கு விரல்களுமாக ஏழு துளைகளை மூடவேண்டும். பாரியில் துளைகளுக்கு இடையே இடைவெளி அதிகம். சின்ன விரல் எட்டாமல் ஒரு துளையில் மயிரிழை காற்றுக் கசிந்தாலும் ஓசை பிசிறிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்குக் குட்டையான குழலில் கை எட்டும்; பெரிய கையுள்ள பதினைந்து வயதுப் பையன் நேராகப் பாரிக்கே போகலாம். எது என்பதைப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து ஆசிரியர் சொல்லட்டும். "பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். கணவர் ஷேக் மஹபூப் சுபானியோடு இணைந்து வாசித்துப் புகழ்பெற்ற காலீஷாபி மஹபூப் அவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு இந்தக் கேள்வி வராது.

இனி மரம். நல்ல நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் என்பது கலைஞர்களின் தீர்ப்பு. அதுவும் புது மரம் ஆகாது. தமிழ்நாட்டில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் ஆகியவற்றை வாங்கிவந்து கடைகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையின்கீழ் காய்ந்து, இனி வளைவதற்கும் சுருங்குவதற்கும் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த மரம் அது. நமது தோட்டங்களில் பழைய லயம் இடித்த பலகையைப் பத்திரமாக எடுத்துவைக்கும் பெரியவர்களுக்கு இது புரியும்.

இந்த வேலைக்குப் பேர்போன ஊர் நரசிங்கம்பேட்டை. தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறைக்கு அருகே உள்ள சிற்றூர். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடி ராகத்துக்குப் பேர்போன திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கேட்டுக்கொண்டபடி, அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். அதற்குமுன் அந்த 'ம' என்ற ஸ்வரத்தைச் சரியாக நிறுத்த வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் போராட வேண்டியிருந்தது. ஆகவே நீங்கள் குழல் வாங்கப் போகும்போதும் அந்த 'ம' எப்படி நிற்கிறது என்று ஆசிரியரை ஊதிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம் இரண்டையும் மாறி மாறி ஊதச் சொல்லுங்கள். இரண்டும் சுருதிப் பெட்டியோடு ஒட்டவேண்டும். ஒன்று ஒட்டி ஒன்று விலகினால் அந்தக் குழலை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

குழலின் அடிப்பக்கத்தில் இன்னும் ஐந்து துளைகள் இருக்கும். அவை விரல் வைப்பதற்கு அல்ல. அவற்றில் சிலவற்றில் மெழுகு அடைத்திருப்பதைக் கண்டு, ஓட்டைக் குழலை ஒட்டுப்போட்டு விற்கிறார்கள் என்று ஒரு தகப்பனார் சண்டைக்குப் போய்விட்டார்! அது ஒட்டு அல்ல. மெழுகை வைத்தும் எடுத்தும் நாதத்தைத் திருத்திக்கொள்வதற்கே அந்தத் துளைகள். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது வெடிப்பைத்தான். வெளிச்சத்தில் குழலைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். துளையின் ஓரத்திலிருந்து மயிர்போல ஒரு கோடு ஓடினால் வேண்டாம். பூணுக்கு அடியிலும் பாருங்கள். வெடிப்பை மறைக்கப் பூண் போடுவதும் உண்டு.

இப்போது சீவாளிக்கு வருவோம். பெற்றோர்கள் மறந்துவிடும் பொருள் இது. ஆனால் ஓசை பிறப்பதே இதில்தான். காவிரிக் கரையில் வளரும் நாணலைப் பக்குவப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்வது. கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் பொருத்தி, அதைக் குழலின் தலையில் செருகுவார்கள். கனத்த சீவாளி பெரிய ஓசை தரும். அதற்குப் பழகிய உதடும் மூச்சும் வேண்டும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு மெல்லியதே ஏற்றது. கனத்ததைக் கொடுத்துவிட்டு, கன்னம் வலிக்கிறது என்று பிள்ளை அழுதால், பிள்ளைக்கு மனமில்லை என்று சொல்லிவிடுகிறோம். மேலும், சீவாளி தேயும், கிழியும். நாதஸ்வரத்தில் நூலில் கட்டி நாலைந்து தொங்குவது அலங்காரத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கச்சேரி நடுவே ஒன்று மக்கர் செய்தால் அடுத்ததை மாட்டுவதற்கு அவை. வாங்கும்போதே ஐந்தாறு சேர்த்து வாங்கிவிடுங்கள். மலிவான குழலில் நல்ல சீவாளி ஓரளவு பேசும். விலையுயர்ந்த குழலில் கெட்ட சீவாளி பேசவே பேசாது.

பணத்துக்கு வருவோம். விலையைத் தொகையாகச் சொல்லவில்லை. மரத்துக்கும் வெள்ளியின் மாற்று மதிப்புக்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். வரிசையை மட்டும் சொல்கிறோம்.

கையில் ஒன்றுமே இல்லாத குடும்பம் முதலில் தேடவேண்டிய இடம் கோயில் சாமான் அறை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகிவிட்ட காலம் இது. செண்டாயான் தோட்டத்து நிலத்தில் இன்று ஒரு நகரமே நிற்கிறது. அப்படி இடம் மாறிய கோயில்களின் பெட்டிகளில், ஒரு காலத்தில் தோட்டத்திலேயே இருந்த மேளக்காரர் வாசித்த குழல் துணி சுற்றிக் கிடக்கக்கூடும். வெடிப்பு இல்லையென்றால் பழைய குழல் பொன். ஊதி ஊதிப் பழகிய மரத்தைப் பல வித்துவான்கள் புதியதைவிட விரும்புவார்கள். நிர்வாகத்தாரிடம் எழுத்தில் இரவல் கேளுங்கள். சீவாளிச் செலவோடு பிள்ளை ஓராண்டு பாடம் படித்துவிடும். ஓராண்டுக்குமேல் பிள்ளை நிற்குமா என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கொஞ்சம் சேர்த்துவைத்திருக்கிறவர்கள், அணிகலன் ஏதுமில்லாத ஆச்சா மரக் குழலாக, ஆசிரியரின் கட்டைக்குச் சரியாக ஒன்று வாங்கலாம். கீழே விரிந்திருக்கும் அணசு மரமா உலோகமா என்பதை ஆசிரியர் விருப்பத்துக்கு விடுங்கள். மிச்சப்படும் பணத்தில் மின் சுருதிப் பெட்டி வாங்குவது, வெள்ளிப் பூண் வாங்குவதைவிட நூறு மடங்கு பயன். அதற்கும் பணமில்லையென்றால் கைத்தொலைபேசியிலேயே சுருதி எழுப்பும் வசதி இருக்கிறது. சுருதி இல்லாமல் தனியே ஊதிப் பழகும் பிள்ளை தவற்றையே பழகிக்கொள்ளும்.

வெள்ளித் தகடு, தங்க முலாம், சோடி சேர்த்துச் செய்த இரட்டைக் குழல் ஆகியவை, மேடையேறிச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பிள்ளை தன் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை. நமது கோயில்களில் வாசிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை வரவழைக்கிறோம். உள்ளூரில் நன்றாக வாசிக்கும் ஒருவருக்குக் கல்யாண மாதங்களில் ஓய்வே இராது. ஆகவே அந்த நாள் வராமல் போகாது.

வாங்கியதைக் காப்பது தனிப் பாடம். இரண்டொரு வார்த்தையில் முடிக்கிறோம். நமது நாட்டுப் புழுக்கத்தில் ஈரச் சீவாளியை அப்படியே டப்பாவில் மூடினால் பூசணம் பிடிக்கும். காற்றில் உலர்த்தி மூடவேண்டும். குழலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். மெழுகு இளகும், மரம் வெடிக்கும். ஈரமாகிவிட்டது என்று அடுப்பருகே காயவைப்பது அதைவிட மோசம். பயிற்சி நேரத்தையும் அக்கம்பக்கத்தோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டப் போனவர் பிற்பகலில் கண்ணயரும் வேளை நாதஸ்வரத்துக்கு உகந்ததல்ல.

உறவினர் யாராவது தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை போகிறார்கள், அவர்களிடம் சொல்லியனுப்புகிறோம் என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பாரியா திமிரியா, எத்தனை கட்டை, சீவாளி எத்தனை, கனமா மெல்லியதா. அங்கே கடையும் பட்டறையிலேயே யாராவது வித்துவானை ஊதச் சொல்லிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை எழுத வேண்டியவர் நீங்கள் அல்ல, ஆசிரியர். பகாவ் பக்கத்துத் தகப்பனார் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார். அந்தப் பழைய பளபளப்புக் குழல் இன்னும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.