உங்களுக்குத் தெரியுமா? மாருதி 800 எஞ்சினில் தொடங்கிய ஃபார்முலா 1 பயணம்

கடல் கடந்து குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் என்று பூம்புகாரைச் சொல்கிறது பட்டினப்பாலை. ஆனால் இன்று, கார் பந்தய ஆசை வந்த பூம்புகார் இளைஞருக்கு டெல்டாவில் நிரந்தரத் தடம் கிடையாது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோதான் போகவேண்டும்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உருவானது. சொந்தத் தடம் வரும்வரை, சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன!

செலவுதான் பெரிய தடை. அதை உடைத்தவர் கோவை எஸ். கரிவரதன். 1980-களின் இறுதியில், வீட்டுக் கார் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பெயர்: ஃபார்முலா மாருதி. அதில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கோவைத் தடத்துக்குக் கரிவரதன் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

புதியவர்கள் பயிற்சிப் பள்ளியில் தொடங்குவதே நல்லது. போட்டியிட, இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் உரிமம் வேண்டும், சாலை ஓட்டுநர் உரிமம் அதற்கு ஈடாகாது. பணம் சேரும்வரை, தடத்தோரம் கொடி காட்டும் மார்ஷலாகத் தொண்டு செய்யலாம். வளைவுகளில் தேர்ந்தவர்கள் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.